சின்ன பேண்டுகள் நேரில் வாசிக்கிற இடம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் மதுரையிலிருந்து என் தம்பி சென்னைக்கு வர்றான். 19 வயசு, பேஸ் கிட்டார் வாசிக்கிறான். பெரிய மேடை அவனுக்கு வேண்டாமாம். நாலு பேர் சேர்ந்து சொந்தமா தமிழ்ப் பாட்டு எழுதி வாசிக்கிற பேண்டைப் பக்கத்துல இருந்து பார்க்கணும்னு ஆசை.

போன வருஷம் நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு பப்புக்கு நான் போயிருந்தேன். ஸ்பீக்கருக்கு ரெண்டடி தள்ளி உட்கார்ந்ததால பேஸ் அடிக்கும்போதெல்லாம் மேஜை மேல இருந்த கிளாஸ் தண்ணி அதிர்ந்தது. வாசிச்ச பொண்ணோட ரெண்டு விரல்ல பிளாஸ்டர். அப்படியும் ஒரு சுரம் பிசகலை. ஆனா பாதிப் பேர் டிவில கிரிக்கெட்தான் பார்த்துட்டிருந்தாங்க. எனக்கு மனசே ஆறலை. அந்தப் பேண்டு பேரையும் கேட்காம வந்துட்டேன், அதுதான் இன்னும் உறுத்துது.

சிக்கல் என்னன்னா, தமிழ்நாட்டுல மது வாங்க 21 வயசு ஆகணும். அதனால பல பப்புல அவனை வாசல்லயே நிறுத்திடுவாங்க. மது இல்லாத கஃபே, சின்ன அரங்கம் எங்கேயாவது இப்படி நடக்குதா? எந்தக் கிழமை? டிக்கெட் எவ்வளவு ஆகும்? மெட்ரோ ராத்திரி 11 மணியோட முடிஞ்சிடும், அதனால தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு மாதிரி ஸ்டேஷன் பக்கமா இருந்தா ரொம்ப வசதி.

நீங்களே பேண்டுல வாசிக்கிறவங்களா இருந்தா அவசியம் சொல்லுங்க, கட்டாயம் வர்றோம். சவுண்ட் செக் பார்க்க விட்டா தம்பி சாயங்காலமே வந்து நிற்பான்.