வரிசை வேண்டாம், பொருந்தெண் போதும்

ஓர் எழுத்தை அதன் நடுப்புள்ளியில் வைத்துச் சுழற்றும்போது, முழுச்சுற்று முடியும் முன்பே பழையபடி தெரிந்தால் அதற்குச் 'சுழல் சமச்சீர்' உண்டு என்கிறோம். கண்ணாடியில் பார்த்தாலும் மாறாமல் இருப்பது வேறு வகைச் சமச்சீர். இந்தச் 'சுழல் சமச்சீர்' என்ற சொல்லையே மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எனக்கு இடிப்பது அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'வரிசை'தான்; ஒரு முழுச்சுற்றில் எத்தனை முறை பொருந்துகிறது என்ற எண்ணிக்கையை அப்படிச் சொல்கிறார்கள்.

சுழலுக்குப் பதில் 'திருப்பம்' வைக்கலாம் என்கிறார்கள். எளிய சொல்தான். ஆனால் தாளைத் திருப்பு என்றால் பின்பக்கத்தைத்தானே பார்ப்போம்? மெல்லிய தாளாக இருந்தால் அங்கே தெரிவது எழுத்தின் கண்ணாடி உருவம். எந்தக் கண்ணாடிச் சமச்சீரிலிருந்து பிரித்துக் காட்ட வந்தோமோ அதோடேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 'சுற்று' என்பதும் பெயருக்குச் சரிவராது. பூமி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது. நம் எழுத்து நடுப்புள்ளியை விட்டு நகர்வதில்லையே. அரைச்சுற்று, முழுச்சுற்று என்று அளவு சொல்வதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்வோம்.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எச், ஐ, என், ஓ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஏழும் 180 பாகை சுழற்றினால் பழையபடியே நிற்கும். சொல்லிக்கொடுப்பதற்கு என், எஸ், இசட் மூன்றும்தான் உதவும். மற்ற நான்கும் கண்ணாடியிலும் மாறாதவை. இவை மூன்றும் கண்ணாடியில் மாறிவிடும். (அச்சில் எஸ்ஸின் மேல்வளைவைக் கொஞ்சம் சிறிதாக வைப்பது வழக்கம். நேராகப் பார்த்தால் தெரியாது, தலைகீழாக்கினால் காட்டிக்கொடுத்துவிடும்.)

தமிழில் உயிர் 12, அகரமேறிய மெய் 18 என்று முப்பதையும் சுழற்றிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. பகரம் நேர்க்கோட்டுச் சமச்சீரோடு (நடுக்கோட்டில் மடித்தால் இரு பாதியும் பொருந்துவது) நின்றுவிடுகிறது. தலைகீழாக்கினால் கதவு நிலை மாதிரி ஆகிவிடும். கைகொடுப்பது ஆய்தம்தான். மூன்று புள்ளிகளையும் சமபக்க முக்கோணத்தின் முனைகளில் வைத்தால் 120 பாகைக்கு ஒருமுறை தன்னோடு தானே பொருந்தும். ஆங்கிலத்தின் வழக்கமான பெரிய எழுத்துகளில் இப்படி ஒன்று கிடையாது. பிராமியின் ககரமோ கூட்டல் குறி. நான்கு கைகளும் சமமாக இருந்தால் 90 பாகைக்கு ஒருமுறை பொருந்தும்; செங்குத்துக் கோடு நீண்டுவிட்டால் இரண்டு முறைதான்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். 'ஆய்தத்தின் சுழல் சமச்சீர் வரிசை 3' என்று எழுதினால், படிப்பவர் மூன்றாவது வரிசையில் எதையோ தேடுவார். அதுவும் ககர வரிசை, சகர வரிசை என்று ஏற்கெனவே பேசிப் பழகிய எழுத்துகளைப் பற்றி எழுதும்போது! 'மும்மடிச் சமச்சீர்' என்று ஒரு யோசனையும் வந்தது. மடி என்றதும் தாளை மடித்துப் பார்க்கத் தோன்றும். அதுவோ சமச்சீர்க் கோட்டுக்கான சோதனை.

என் பரிந்துரை 'பொருந்தெண்'. பகு எண், பகா எண் போல வினையோடு எண் சேர்ந்த சொல். ஒரு முழுச்சுற்றுக்குள் எத்தனை முறை பொருந்துகிறது என்பதே அதன் பொருள். எஸ்ஸுக்குப் பொருந்தெண் 2, ஆய்தத்துக்கு 3, சமக்கைக் ககரத்துக்கு 4, முழுவட்டமாக வரைந்த ஓவுக்கு முடிவிலி. இன்னொரு வசதியும் உண்டு. சமச்சீரே இல்லாத எழுத்துக்கு 0 தானே என்று கேட்காத மாணவர் இல்லை. முழுச்சுற்று சுழன்று வந்தால் எதுவும் தன்னோடு பொருந்தத்தானே வேண்டும்? அதனால் குறைந்தது 1. விளக்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பொருந்தெண் 2 உள்ளவற்றைப் 'புள்ளிச் சமச்சீர்' என்பதையும் எழுத்துகளைப் பொறுத்தவரை விட்டுவிடலாம். மெய்யெழுத்தின் புள்ளியைச் சொல்கிறோமோ என்ற குழப்பம் வரும். 'அரைச்சுற்றுச் சமச்சீர்' போதும்.

அப்புறம், தன்னோடு பொருந்தாமல் வேறொன்றாக மாறுபவை. சிறிய எழுத்துகளில் பி (b) சுழன்றால் கியூ (q), டி (d) சுழன்றால் பீ (p) என்று சொல்லிப் பாருங்கள், ஒலிபெயர்ப்பே காலை வாரிவிடுகிறது. இலக்கங்களில் 6, 9 தெளிவு. இவற்றுக்குச் 'சுழலிணை' என்று வைக்கலாம்.

மிச்சம் ஒன்று. 1961ஐத் தலைகீழாக்கினாலும் 1961தான். நடுவில் இருப்பவை சுழலிணை, ஓரத்தில் இருப்பவை தாமே பொருந்துபவை (வெறும் கோடாக எழுதிய 1 என்றால்). இப்படி முழுத்தொடரும் பொருந்துவதற்கு என்ன சொல்? பின்னிருந்து படித்தாலும் மாறாததற்கு மாலைமாற்று என்று நம்மிடம் இருக்கிறது. அதையொட்டிச் 'சுழல்மாற்று' என்று சொல்லிப் பார்க்கிறேன். வாயில் நன்றாகத்தான் வருகிறது. ஏதோ மின்கருவியின் பெயர் போல ஒலிக்கிறதோ என்பது மட்டும்தான் தயக்கம்.