நாடகம் பார்த்துவிட்டு எழுதுவது: சில அனுபவங்கள்

தமிழில் நவீன நாடகத்துக்கு விமர்சனம் எழுதுபவருக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. திரைப்படத்தைப் பற்றி எழுதினால், வாசகர் அதைத் தாமும் பார்த்துவிட்டு நம்மோடு சண்டைக்கு வரலாம். நாவலென்றால் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்கலாம். எழும்பூர் அருங்காட்சியக அரங்கில் ஒரு மாலை நடந்து முடிந்துவிட்ட நாடகத்தைப் பற்றி எழுதும்போது, படிப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இனிமேல் பார்க்கும் வாய்ப்பும் அநேகமாக இராது. இந்த நிலையில் "நடிப்பு பலவீனம், இயக்கம் சிறப்பு" என்று தீர்ப்பு மட்டும் எழுதினால், எதைப் பற்றிய தீர்ப்பு என்பதே படிப்பவருக்குத் தெரியாமல் போகும். மேடையில் என்ன நடந்தது என்பதை அவர் கண்முன் நிறுத்திய பிறகே நம் அபிப்பிராயத்துக்கு இடம் வருகிறது. பல ஆண்டுகளாகச் சிற்றிதழ்களில் நாடக விமர்சனம் எழுதிவரும் எனக்கு இதை உறுதிப்படுத்திய ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நந்தனார் கதையை எடுத்துக்கொண்ட ஒரு நாடகம் அது. இந்தக் கதையை மேடையேற்றும் எவரும் எந்த நந்தன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சேக்கிழார் திருநாளைப்போவார் என்று பாடும் நந்தனைக் கொடுமைப்படுத்தும் ஆண்டை எவரும் பெரியபுராணத்தில் இல்லை. ஆண்டையாக வரும் வேதியரையும், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்ற நிபந்தனையையும் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனைகளில் கொண்டுவந்தார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்திலோ நந்தன் இறங்கும் தீ எந்த அற்புதத்தையும் செய்வதில்லை, அது கொல்கிறது. நான் பார்த்த நாடகம் இந்த மூன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டிருந்ததால், முதல் ஒரு மணி நேரம் எந்தப் பக்கம் சாயப் போகிறது என்று காத்திருக்கும்படி இருந்தது. அந்தக் காத்திருப்பை இயக்குநர் வேண்டுமென்றே உண்டாக்கியிருந்தார், அதில் வெற்றியும் பெற்றிருந்தார். நந்தனாக நடித்த இளைஞர் வேதியர் முன்னால் பேசும்போதெல்லாம் தம் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டே இருந்தார். பணிவைக் காட்டும் செய்கையாகத் தொடங்கிய அது, காட்சிக்குக் காட்சி முடிச்சு இறுகி இறுகி, சண்டைக்குத் தயாராகிறவரின் செய்கையாக மாறியது. வசனத்தில் இல்லாத ஒரு மாற்றத்தை ஒரு முழத் துண்டை வைத்துக்கொண்டு அவர் செய்து காட்டினார்.

கடைசியில் தீக்குழிக் காட்சி வந்தது. செவ்வொளி பாய்ந்தது, பறை முழங்கியது, புகை இயந்திரம் தன் வேலையைத் தொடங்கியது. தொடங்கியது நிற்கவில்லை. முன்வரிசை முழுவதும் இருமியது, ஒரு குழந்தை அழுதது, மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதே தெரியவில்லை. நந்தன் சேக்கிழார் சொன்னபடி மாமுனிவராக எழுந்து வந்தாரா, வெந்து மடிந்தாரா என்பது புகை அடங்குவதற்குள் திரை மூடிவிட்டதால் அரங்கில் எவருக்கும் தெரியாமலே போயிற்று.

இதை அப்படியே எழுதினேன். துண்டைப் பற்றி ஒரு பத்தி, புகையைப் பற்றி ஒரு பத்தி. வெளிவந்த வாரத்தில் இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். "அது வாடகை இயந்திரம் சார், ஒத்திகையில் ஒழுங்காகத்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகள் பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் ஒத்திகை பார்த்தவர்கள். ஒரு விபத்தைப் போய் விமர்சனத்தில் எழுதலாமா? மறுபடியும் போடப் போகிறோமா என்பதே தெரியாத நாடகத்துக்கு இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். கோபத்தைவிட வருத்தமே அவர் குரலில் இருந்தது.

அவருக்கு இரண்டு பதில்கள் சொன்னேன். இயந்திரம் பழுதானது விபத்துதான். அதை விபத்தென்றே குறிப்பிட்டிருந்தேன். ஆனால் ஒரு மணி நேரம் கட்டியெழுப்பிய கேள்விக்கான விடை முழுவதையும் புகைக்குள் வைத்தது விபத்தில்லை, தேர்வு. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் நடிகரின் உடல் அந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது பாதி மறைந்துதான் இருந்திருக்கும்; அவ்வளவு நேரம் துண்டை வைத்துப் பேசிய உடல் அது. விமர்சகர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாமல் விட்டால் இயக்குநருக்கும் நட்டம்தான்.

பிரயோஜனம் பற்றிய கேள்விக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னேன். 1958 மே மாதம் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள லிரிக் அரங்கில் ஆங்கில நாடகாசிரியர் ஹரால்டு பின்ட்டரின் 'தி பர்த்டே பார்ட்டி' மேடையேறியபோது நாளிதழ் விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் அதைச் சாடினார்கள். எட்டு முறை மேடையேறியதோடு அது நிறுத்தப்பட்டது. அதன் பெருமையை உணர்ந்து விமர்சகர் ஹரால்டு ஹாப்சன் 'சண்டே டைம்ஸ்' இதழில் எழுதியது அச்சாகி வந்தபோது பார்ப்பதற்கு நாடகமே இல்லை. நுழைவுச்சீட்டு விற்க அந்த விமர்சனம் உதவவில்லை; ஆனால் இன்றும் அந்த நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைக் குறிப்பிடாமல் பேசுவதில்லை. இயக்குநர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் பாராட்டியல்லவா எழுதினார்" என்றார். அதுவும் நியாயமான பதில்தான்.

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அரங்கத்துக்குள் குறிப்பெடுப்பதில்லை, தலையைக் குனிந்து எழுதும் நேரத்தில்தான் மேடையில் ஏதாவது நடந்து தொலைக்கும். திரும்பி வரும் மின்சார ரயிலில், யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த இடத்தில் அரங்கம் சிரித்தது, யாருடைய குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்பவற்றை மட்டும் எழுதுவேன். அபிப்பிராயம் மறுநாளைக்கு. நாடகம் முடிந்து வாசலில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்பவரிடம் "நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டால், எழுதும்போது கையும் அதையேதான் எழுதப் பார்க்கிறது. ஆகையால் கூடுமானவரை வாசலில் நிற்பதில்லை.

* * *

மேலே எழுதிய நண்பர் அரங்கத்துக்குள் நடப்பதைப் பற்றிச் சொன்னார். தெருக்கூத்துக்கு எழுதப்படும் விமர்சனங்களைப் பற்றி எனக்கொரு மனக்குறை இருக்கிறது. நான் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரன்; புரிசையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் கூத்துக்குப் பெயர்போனவை. இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தை, நகரத்திலிருந்து வருகிறவர் நள்ளிரவுவரை பார்த்துவிட்டுப் போய், கிரீடம், புஜக்கீர்த்தி, முகத்தின் சிவப்பு என்று ஒப்பனையை மட்டும் வியந்து எழுதிவிடுகிறார். நடு இரவுக்குப் பிறகுதான் கூத்து சூடுபிடிக்கும் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

எங்கள் ஊரில் 'கர்ண மோட்சம்' நடந்தபோது நானும் ஒரு விமர்சனம் எழுதினேன். போருக்குப் புறப்படும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. குலம் தெரியாதவன் என்று கணவனை இகழ்ந்து வந்த அந்தப் பெண்ணின் தர்க்கத்துக்குக் கர்ணன் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். கர்ணன் வேடம் கட்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது. அவர் அடியின் முதல் பாதியைப் பாடி நிறுத்த, பின்பாட்டுக்காரர் மீதியை எடுத்துக்கொண்டார். முகவீணை என்னும் சிறு நாயனம் அவர்கள் இருவருக்கும் இடையில் சுருதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாடாத நேரத்தில் கர்ணன் பொன்னுருவியைச் சுற்றிக் கிறுக்கியடித்து, அதாவது வேகமாகச் சுழன்று ஆடி, வந்து நின்றார். தூங்கி விழுந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதைத்தான் விரிவாக எழுதினேன்.

அச்சில் வந்ததைக் கூத்து வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். ஒப்பனை பற்றிய வரிகளுக்கு அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. பின்பாட்டு பற்றிய இடம் வந்ததும், "இதை இன்னொரு தடவை படி" என்றார். பிறகு, "தொண்டை போனதை எழுதியிருக்கிறாயே, அவன் கோவித்துக்கொள்ள மாட்டானா?" என்று கேட்டார். "கோவித்துக்கொள்வாரா வாத்தியாரே?" என்றேன். "மாட்டான். போன தொண்டையோடு ஆடினான் என்று ஊருக்குத் தெரியட்டும்" என்றார்.

விழாக்களுக்காக ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிய கூத்தைப் பார்ப்பவர் அதையும் தாராளமாக விமர்சிக்கலாம். தாம் பார்த்தது சுருக்கம் என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்தால் போதும்.

* * *

நான் எழுதுகிறவன் இல்லை, நாடகங்களுக்கு ஒளியமைப்பு செய்கிறவன். நாங்கள் விமர்சனத்தைக் கடைசி வரியிலிருந்துதான் படிப்போம். "ஒளி, ஒலி அமைப்புகள் நாடகத்துக்குத் துணை நின்றன" என்ற வரி அங்கே தவறாமல் இருக்கும். ஒரு சபா நாடகத்தில் பாதி விளக்குகள் எரியாமல் போன மாலையிலும் அதே வரிதான் வந்தது. எரிந்த மாலையிலும் அதுவே. ஒருமுறை மட்டும் ஓர் இளம் விமர்சகர், இரண்டாம் காட்சியில் தாயின் முகத்தில் வெளிச்சம் விழாததால் அவருடைய அழுகையைக் காதால் மட்டுமே கேட்க முடிந்தது என்று எழுதியிருந்தார். திட்டுதான். அடுத்த முறை அந்த நாடகம் போட அரங்கம் கிடைத்ததும் முதல் வேலையாக ஏணியைப் போட்டு அந்த விளக்கை இரண்டடி இடப்பக்கம் நகர்த்திக் கட்டினேன்.