செஸ்னா 172: காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் எஞ்சின் உதறுகிறது, பிறகு தானே சரியாகிவிடுகிறது. பறக்கலாமா?

லிவர்மோர் செஸ்னா:

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியா லிவர்மோர் ஏர்போர்ட்டில் என் விமானத்தை நிறுத்தியிருக்கிறேன். 1974 மாடல் செஸ்னா 172எம், லைகமிங் ஓ-320-ஈ2டி எஞ்சின், 150 குதிரைசக்தி. ஓவர்ஹால் ஆகி 1,350 மணி நேரம் ஓடியிருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் நெவாடாவிலிருந்து வாங்கினேன். பழைய ஓனருக்கு வயதாகிவிட்டது. கடைசி நாலு வருஷத்தில் வருஷத்துக்கு இருபது மணி நேரம்கூட அவர் பறக்கவில்லை என்று லாக்புக் சொல்கிறது.

மூன்று வாரமாக ஒரு தொல்லை. நாளின் முதல் ஸ்டார்ட்டில் மட்டும், எஞ்சின் பிடித்தவுடன் மூக்கிலிருந்து வால் வரை உதறுகிறது. பேனல் மேலே வைத்த பென்சில் உருண்டு காலடியில் விழுகிற அளவுக்கு. ஒரு கால் நொண்டுகிற மாடு நடப்பது மாதிரி ஒரு ஓட்டம். நாற்பது, ஐம்பது வினாடி போனதும் சட்டென்று சீராகிவிடும். அப்புறம் பட்டு மாதிரி ஓடுகிறது. அன்றைக்கே மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் இல்லை. ரன்-அப்பில், அதாவது கிளம்புவதற்கு முன் நின்றபடி எஞ்சினைச் சோதிக்கும்போது, 1,700 ஆர்பிஎம்மில் இடது மேக்னட்டோவில் (பிளக்குக்குப் பொறி தருகிற இரண்டு கருவிகளில் ஒன்று) மட்டும் ஓட்டினால் 75 இறங்குகிறது, வலதில் 80. கையேடு 125 வரை போகலாம், இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஆக அதில் குறை இல்லை.

எட்டு பிளக்கையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். கீழ்ப் பிளக் இரண்டில் ஈயக் குருணை கடுகு அளவில் ஒட்டியிருந்தது. சூடான எஞ்சினில் காம்ப்ரஷன் பார்த்தோம்: 80-க்கு 76, 77, 74, 76. பார்த்த மெக்கானிக், "குளிர்காலம், பழைய எஞ்சின், இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார். இந்த விமானத்தில் இன்னும் ஏறியதில்லை. சனிக்கிழமை ஹாஃப் மூன் பே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். வளைகுடாவையும் மலையையும் தாண்டித்தான் போக வேண்டும். சூடானதும் நன்றாக ஓடுகிற எஞ்சினை நம்பலாமா?

ஓஷாவா தம்பி:

அண்ணை, எனக்கும் உப்பிடித்தான் போன மாரியில நடந்தது. இங்க ஒன்ராறியோவில காலமை மைனஸ் பதினஞ்சு இருக்கும். ராத்திரி முழுக்க எஞ்சின் ஹீட்டரைப் போட்டு விட்டன், உதறல் நிண்டுட்டுது. ஒருக்கா ஹீட்டர் போட்டுப் பாருங்கோ.

பைப்பர்காரர்:

செஸ்னா சார், ஸ்டார்ட்டுக்குக் கையால் பெட்ரோல் பம்ப் செய்கிற பிரைமர் குமிழைப் பார்த்தீர்களா? ஸ்டார்ட் செய்த பிறகு அதை உள்ளே தள்ளித் திருப்பிப் பூட்டாமல் விட்டால் பெட்ரோல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், எஞ்சின் இப்படித்தான் தடுமாறும். என் பைப்பர் செரோக்கி விமானத்தில் உள்ளே இருக்கிற ஓ-ரிங் தேய்ந்து அதே கதைதான்.

லிவர்மோர் செஸ்னா:

பிரைமர் பூட்டித்தான் இருக்கிறது சார், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். தம்பி, இங்கே காலையில் 5 டிகிரி செல்சியஸ்தான். அந்தக் குளிருக்கு ஹீட்டர் வேண்டுமா என்று தெரியவில்லை.

ஹேங்கர் மெக்கானிக்:

நான் அமெரிக்க உரிமம் பெற்ற விமான மெக்கானிக் (ஏ அண்ட் பி), ஆய்வு அதிகாரமும் (ஐஏ) உண்டு. இருபது வருஷமாக இந்த எஞ்சின்களோடுதான் வேலை. முதலில் பதில்: சனிக்கிழமை பறக்காதீர்கள். நீங்கள் விவரித்தது எக்ஸாஸ்ட் வால்வ் ஒட்டுவதன் அடையாளம். இங்கே ஹேங்கரில் இதை 'மார்னிங் சிக்னஸ்' என்போம், நம் ஊர்ப் பேச்சில் மசக்கை. பெயர்தான் லேசானது.

நடப்பது இதுதான். வால்வின் தண்டு ஒரு கைடுக்குள் ஏறி இறங்குகிறது. எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூட்டில் எண்ணெய் வெந்து கரியாகும், பெட்ரோலில் உள்ள ஈயமும் அதோடு சேர்ந்து கைடுக்குள் கெட்டியாகப் படியும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது தண்டுக்கும் கைடுக்கும் நடுவில் இடமே இருக்காது. வால்வ் திறந்தபடி மாட்டிக்கொள்ளும், அந்தச் சிலிண்டர் அமுக்கம் இல்லாமல் செத்துக் கிடக்கும். நாலில் ஒன்று போனால் உதறாமல் என்ன செய்யும்? சிலிண்டர் தலை சூடாகி விரிந்ததும் கொஞ்சம் இடம் கிடைத்து வால்வ் விடுபடுகிறது. அதைத்தான் 'தானே சரியாகிவிடுகிறது' என்கிறீர்கள். கரி அங்கேயே இருக்கிறது, ஒவ்வொரு மணி நேரமும் கூடுகிறது.

அடுத்த முறை வால்வ் மூடியபடி மாட்டிக்கொண்டால், அதைத் தள்ளித் திறக்கப் போகிற கம்பியான புஷ்ராட் வளையும். அது போய்வருகிற குழாய் உடைந்தால் எண்ணெய் வெளியே கொட்டும். இதையெல்லாம் மலைக்கு மேலே தெரிந்துகொள்ள வேண்டாம்.

பைப்பர்காரர் சொன்னது நியாயமான சந்தேகம். ஆனால் பிரைமர் கசிந்தால் ஐம்பதாவது வினாடியில் இப்படி வெட்டினாற்போல் நிற்காது. பிளக் அடைத்திருந்தால் ஒரு மேக்னட்டோவில் மட்டும் உதறும், இன்னொன்றுக்கு மாற்றினால் சீராகும். உதறுகிற அந்த ஒரு நிமிஷத்துக்குள் சாவியை இடது, வலது என்று மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி உதறினால் பிளக் குற்றமில்லை.

காம்ப்ரஷன் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதைச் சூடான எஞ்சினில் எடுக்கிறோம். அந்நேரம் இந்த வால்வ் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

தம்பிக்கு: ஹீட்டர் போட்டதால் உங்கள் எஞ்சின் குணமாகவில்லை, அடையாளம் மறைந்துவிட்டது. இந்த எஞ்சின்களுக்கு மைனஸ் 12 செல்சியஸுக்குக் கீழே போனால்தான் முன்சூடு கட்டாயம் என்கிறது லைகமிங். மைனஸ் பதினைந்தில் நீங்கள் போட்டது சரியே. ஆனால் வால்வையும் பார்த்துவிடுங்கள்.

ஓஷாவா தம்பி:

ஐயோ, நான் உதை யோசிக்கவே இல்லை. இந்தக் கிழமையே மெக்கானிக்கிட்டக் காட்டுறன். நன்றி அண்ணை.

லிவர்மோர் செஸ்னா:

எந்தச் சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எஞ்சின் மானிட்டர் கிடையாது, எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டுகிற ஒரே ஒரு ஈஜிடி முள்தான்.

ஹேங்கர் மெக்கானிக்:

கடையில் விற்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின், சக்கரத்துக்குக் கட்டை, சீட்டில் ஒரு ஆள். எஞ்சின் மூடியை (கவுலிங்) முன்பே கழற்றி வையுங்கள். ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம் உதற விட்டு, சீராவதற்கு முன் மிக்ஸ்சரை (காற்றோடு சேரும் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற குமிழ்) இழுத்து நிறுத்துங்கள். ப்ரொப்பெல்லர் நின்று, சாவி உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். அப்போதும் ப்ரொப்பெல்லரில் கை வைக்காதீர்கள். மேக்னட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால் சாவி வெளியே இருந்தாலும் அது உயிரோடு இருக்கும். நாலு எக்ஸாஸ்ட் குழாயையும் தலைக்குப் பக்கத்தில் அளந்து பாருங்கள். ஆறியிருப்பது எதுவோ அதுதான்.

வலது சீட் டீச்சர்:

நான் பறக்கச் சொல்லித் தருகிறவள். மெக்கானிக் அண்ணா சொன்னதோடு பைலட் பக்கத்திலிருந்து ஒன்று. தம்பி, நீங்கள் மூன்று வாரமாக இந்த உதறலோடு பறந்திருக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் ரன்-அப் நன்றாக இருந்ததால் கிளம்பியிருக்கிறீர்கள். ரன்-அப் பட்டியல் அந்த நிமிஷத்தைத்தான் கேட்கிறது, பத்து நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததைக் கேட்பதில்லை. அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டியது நாம்.

அப்பாவுக்கு ஹாஃப் மூன் பே இன்னொரு வாரம் இருக்கும். இந்தச் சனிக்கிழமை அவரை ஹேங்கருக்கே அழைத்து வாருங்கள். எஞ்சினைத் திறந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்கலாம்.

லிவர்மோர் செஸ்னா:

அக்கா, நீங்கள் சொன்னது உறைத்தது. பயணத்தை ரத்து செய்துவிட்டேன்.

இன்று காலை அளந்தேன். மேக்னட்டோ மாற்றிப் பார்த்ததில் இரண்டிலும் ஒரே உதறல். நிறுத்திவிட்டுப் பார்த்தால் 1, 2, 4 குழாய்கள் 200 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தன. மூன்றாவது, அதாவது வலது பின் சிலிண்டர், 90-ஐ ஒட்டி நின்றது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரிந்தது.

இதை நானே சரி செய்யலாமா? சிலிண்டரையே கழற்ற வேண்டி வருமா?

ஹேங்கர் மெக்கானிக்:

நீங்களே செய்யக் கூடாது. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் விதி 43-இன் இணைப்பு ஏ-வில் ஓனர் செய்துகொள்ளக்கூடிய வேலைகள் இருக்கின்றன: எண்ணெய் மாற்றுவது, பிளக் சுத்தம், டயர் மாதிரி. வால்வ் அதில் வராது. ஒரு ஏ அண்ட் பி கூடவே நின்று மேற்பார்த்தால் அவர் கையின் கீழ் நீங்கள் வேலை செய்யலாம், லாக்புக்கில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒருவரைப் பிடியுங்கள், கற்றுக்கொள்வீர்கள்.

சிலிண்டரைக் கழற்றத் தேவையில்லை. லைகமிங் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1425 இதற்கென்றே இருக்கிறது, 'கயிறு வைத்தியம்' என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே சர்வீஸ் புல்லட்டின் 388-ஐயும் படியுங்கள். கைடில் கரி ஏறியிருக்கிறதா, கைடு தேய்ந்திருக்கிறதா என்று வால்வை ஆட்டி அளக்கிற முறை அதில் இருக்கிறது. பழைய வகை கைடுக்கு 400 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஒட்டுகிற சந்தேகம் வந்த உடனே செய்ய வேண்டும். உங்கள் லாக்புக்கில் அது எப்போது நடந்தது என்று தேடுங்கள்.

லிவர்மோர் செஸ்னா:

தேடினேன். ஓவர்ஹாலுக்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. வாங்கும்போது கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியவில்லை.

லிவர்மோர் செஸ்னா: (ஒன்பது நாள் கழித்து)

வேலை முடிந்தது. பக்கத்து ஹேங்கருக்கு வருகிற ஒரு மெக்கானிக் ஒப்புக்கொண்டார். நான் எடுபிடி. அப்பா டார்ச் பிடித்தார். அவர் முப்பது வருஷம் வயலில் டீசல் பம்ப்செட் ஓட்டியவர். ராக்கர் மூடியைத் திறந்ததும், "இது நம்ம எஞ்சின்தான்டா, படுக்கப்போட்டு ஓட்டுறான்" என்றார்.

இதே தொல்லையோடு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிறு சுருண்டு வால்வை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. இப்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டுகளை எடுத்துவிடலாம். பிறகு கயிற்றை உருவிவிட்டு வால்வை உள்ளே தள்ள வேண்டும். நல்ல வால்வ் விரல் பட்டாலே உள்ளே போகுமாம். எங்கள் மூன்றாவது வால்வ் விரலால் அழுத்தியும் அசையவில்லை, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் இறங்கியது.

கைடுக்குள் விட்டுக் கரியைச் சுரண்டுகிற ரீமரின் வெட்டுப் பள்ளங்களில் கிரீஸ் தடவிக் கையால் திருப்பினார். வெளியே வந்தபோது கிரீஸ் கறுத்து, அதில் அடிப்பிடித்த பால் மாதிரி பழுப்புச் செதில்களும் சாம்பல் நிறப் பொடியும் ஒட்டியிருந்தன. அப்பா விரலில் தேய்த்துப் பார்த்தார், மணல் போல் நறநறத்தது. மூன்று தடவை துடைத்துத் துடைத்துத் திருப்பிய பிறகு ரீமர் சுத்தமாக வந்தது. தண்டையும் பிளக் ஓட்டை வழியாக வெளியே இழுத்துத் தேய்த்தார். வால்வைத் திரும்ப கைடுக்குள் நுழைப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. போரோஸ்கோப் கேமராவைப் பார்த்துக்கொண்டே நீள இடுக்கியால் நாற்பது நிமிஷம். நுழைந்ததும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம், விரல் பட்டாலே வழுக்கியது.

நாலு எக்ஸாஸ்ட் புஷ்ராடையும் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தார். ஒன்றும் வளையவில்லை. நாங்கள் தப்பித்த தூரம் அதுதான். ஒன்றாவது சிலிண்டரிலும் பாதி அளவு கரி இருந்தது, மற்ற இரண்டும் பரவாயில்லை. நாலையும் சுத்தம் செய்தோம்.

அதற்குப் பிறகு மூன்று குளிர் காலைகள் ஸ்டார்ட் செய்தாகிவிட்டது. பென்சில் பேனல் மேலேயே இருக்கிறது. தனியாக ஏர்போர்ட்டுக்கு மேலேயே ஒரு மணி நேரம் வட்டமடித்து இறங்கினேன். இனி இது வராமல் இருக்க என்ன செய்வது?

ஹேங்கர் மெக்கானிக்:

ரொம்ப சந்தோஷம். அப்பாவுக்கு என் வணக்கம்.

உங்கள் ஈ2டி எஞ்சினின் அமுக்க விகிதம் 7-க்கு 1. அது பிறந்தது ஈயம் குறைந்த பழைய 80/87 பெட்ரோலுக்காக. இன்று ஊற்றுகிற 100 எல்எல்லில் அதைவிட நாலு மடங்கு ஈயம் இருக்கலாம். அதனால் தரையில் ஓடும்போது மிக்ஸ்சரை நன்றாக இழுத்து வையுங்கள். த்ராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் திணறுகிற அளவுக்கு மெலிவாக இருந்தால், மறந்துபோய் அப்படியே டேக்-ஆஃபுக்கு ஓட முடியாது. நிறுத்துவதற்கு முன் 1,800-ல் பதினைந்து, இருபது வினாடி ஓட்டி, 1,000-க்கு இறக்கி, உடனே மிக்ஸ்சரால் அணையுங்கள். எண்ணெயை 50 மணி நேரம் அல்லது நாலு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் வெறும் சல்லடை மட்டும் என்றால் 25 மணி நேரம். வாரம் ஒரு முறை எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை பறப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து. தரையில் சும்மா ஓட்டி அணைப்பது அதற்கு ஈடாகாது.

பைப்பர்காரர்:

ஈயமில்லாத யூஎல்94 பற்றியும் சொல்லுங்கள். சான் ஹோசே ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்டில் 2022 ஜனவரியில் 100 எல்எல் விற்பதை நிறுத்தி, அதை விற்றார்கள். நான் அங்கேதான் அதை நிரப்பினேன், கீழ்ப் பிளக்கில் குருணையே காணோம்.

ஹேங்கர் மெக்கானிக்:

இந்த எஞ்சினுக்கு அது பொருந்தும். உங்கள் விமானத்துக்குத் தேவையான எஃப்ஏஏ அனுமதிக் காகிதத்தைச் சரிபார்த்து லாக்புக்கில் ஏற்றிய பிறகு ஊற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

செஸ்னா தம்பி, இன்னொன்று. ரீமர் போட்டபோது உதிர்ந்த துகள் எல்லாமே கிரீஸில் ஒட்டியிருக்காது. பத்து மணி நேரத்தில் எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். கரி இருந்தால் கவலை இல்லை. காந்தத்தில் ஒட்டுகிற உலோகம் இருந்தால் பறக்காமல் இங்கே படம் போடுங்கள்.

லிவர்மோர் செஸ்னா:

சரி அண்ணா. அப்பாவின் டிக்கெட் இருபதாம் தேதி. அதற்குள் பத்து மணி நேரத்தை ஓட்டி, ஃபில்டர் படம் போட்டுவிட்டுத்தான் அவரோடு ஹாஃப் மூன் பே.