பிழைக்கு இம்போசிஷன் கொடுப்பதால் பயன் உண்டா?

கரும்பலகை (கேள்வி):

வணக்கம். நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். வகுப்பில் 36 பேர். சிறுதேர்வில் பிழையாக எழுதிய சொல்லை 20 முறை எழுதிவரச் சொல்வது நான் படித்த காலத்து வழக்கம். நானும் பத்தாண்டுகளாக அதை யோசிக்காமல் செய்துவந்திருக்கிறேன். சென்ற வாரம் நோட்டுத் திருத்தும்போதுதான் ஐயம் வந்தது. 'ஒளிச்சேர்க்கை' என்பதை 'ஒலிச்சேர்க்கை' என்று எழுதிய மாணவன் ஒருவனுக்கு 20 முறை கொடுத்திருந்தேன். முதல் ஆறு வரிகள் சரியாக இருந்தன. ஏழாவது வரியில் 'ளி' மறுபடியும் 'லி' ஆகிவிட்டது. அதன்பின் மேல் வரியைப் பார்த்தே கீழ் வரியை எழுதிக்கொண்டு போயிருக்கிறான், மீதி பதினான்கும் பிழை. சரியான சொல்லை ஆறு முறையும் தவறான சொல்லைப் பதினான்கு முறையும் பழகிவர நானே அனுப்பியதாக ஆயிற்று. இதை அடியோடு விட்டுவிடலாமா, விட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தமிழம்மா:

உங்கள் மாணவனாவது சொல்லை முழுச் சொல்லாக எழுதியிருக்கிறான், சார். என் வகுப்பில் ஒரு பெண் பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக 20 முறை 'ஒ' எழுதினாள். பிறகு அதற்குப் பக்கத்தில் 20 முறை 'ளி'. அதற்குப் பக்கத்தில் 'ச்'. செங்கல் அடுக்குவதைப் போல. அவள் கையில் எழுத்துகள் இருந்தன, சொல் ஒரு முறைகூட இல்லை. அதைப் பார்த்த பிறகு நான் இம்போசிஷன் கொடுப்பதில்லை.

லகர ளகரக் குழப்பம் பெரும்பாலும் கையின் பிழையன்று, வாயின் பிழை. லகரத்துக்கு நாக்கு அண்ணத்தை ஒற்றும், ளகரத்துக்கு வருடும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே வேறுபடுத்திச் சொல்கிறது. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கும் குழந்தைக்கு எழுதும் நேரத்தில் எதைத் தேர்வது என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். ஆகவே முதலில் சொல்ல வைக்கிறேன். பிறகு உறவுச் சொற்களைச் சேர்த்துத் தருகிறேன். ஒளி, ஒளிர்தல், நிலவொளி ஒரு பக்கம். ஒலி, ஒலிபெருக்கி, எதிரொலி மறுபக்கம். 'ஒலிச்சேர்க்கை' என்றால் அது மரம் செய்யும் வேலையா, மைக்செட்காரர் செய்யும் வேலையா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, எழுதியவனும் சேர்ந்து சிரித்தான். பொருளோடு ஒட்டிக்கொண்ட எழுத்து அவ்வளவு எளிதில் கழன்றுவிடுவதில்லை என்பது என் அனுபவம்.

ஏழெட்டு ஐம்பத்தாறு:

நான் கணக்கு ஆசிரியர். மேலே அம்மா சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் திரும்பத் திரும்பச் செய்வதே வீண் என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை பின்னக் கூட்டலில் மீச்சிறு பொது மடங்கு காணும் இடத்திலேயே நின்றுவிடுகிறது; பாடத்தின் கருத்து புரிந்தும் விடை வருவதில்லை.

இதில் நாம் கவனிக்காமல் விடும் வேறுபாடு ஒன்று உண்டு. பார்த்து எழுதுவது வேறு, எழுதிப் பார்ப்பது வேறு. இம்போசிஷன் முதல் வகை. அதில் நினைவுக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியைச் சிலரை இரண்டு முறை படிக்கச் செய்தார்கள். மற்றவர்களை ஒரு முறை படித்தபின் பார்க்காமல் எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னிலை பெற்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாகி, எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதமும் திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை மறந்து அந்த எண்களை நம் ஏழாம் வகுப்பின் மேல் அப்படியே ஏற்றக் கூடாது. ஆனாலும் முதல் நாள் மாலை ஒப்பித்துவிட்டு அடுத்த வாரம் விழிக்கும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

நான் செய்வது இது: பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொல்லி, நேற்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்துப் பாடத்தில் ஒன்று என மூன்று வினாக்கள். துண்டுத்தாளில் எழுதி, அவரவரே திருத்திக்கொள்வார்கள். மதிப்பெண் பதிவதில்லை, பதிந்தால் மறுநாளே பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

பழைய மணி:

தலைமையாசிரியர் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் ஒரு சொல். இம்போசிஷன் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அது நோட்டை நிரப்புகிறது என்பதுதான். பார்வையிட வருபவரும் பெற்றோரும் நிரம்பிய நோட்டையும் சிவப்பு மையையும் பார்த்து நிறைவடைகிறார்கள். துண்டுத்தாளை யாரும் பார்ப்பதில்லை. பல வீடுகளில் அக்காதான் பாதியை எழுதித் தருகிறாள் என்பது கையெழுத்திலேயே தெரியும். விளையாட்டுப் பாடவேளையில் உட்கார வைத்து எழுத வைப்பதையும் கண்டித்திருக்கிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 50 முறை, 100 முறை என்று போகும்போது நாம் அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை அவரவர் யோசிக்க வேண்டும்.

கரும்பலகை:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரமாக மூடிய நோட்டும் துண்டுத்தாளும் நடக்கின்றன. முதல் மூன்று நாள் ஐந்து நிமிடம் பன்னிரண்டு நிமிடமாக நீண்டது. தாள் கிழிப்பதற்கே பாதி நேரம் போயிற்று. இப்போது பழைய நோட்டுகளின் எழுதாத பக்கங்களை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்கிறேன்.

தமிழம்மா சொன்னபடி ஒளி, ஒலிக் குடும்பங்களையும் நடத்தினேன். அந்த மாணவன் நேற்று 'ஒளிச்சேர்க்கை' என்று சரியாக எழுதிவிட்டான். கூடவே, மலைமுன் நின்று கத்தினால் திரும்பக் கேட்பது எது என்ற வினாவுக்கு 'எதிரொளி' என்று எழுதியிருக்கிறான். பாடத்தில் 'எதிரொளிப்பு' என்ற சொல்லும் வருவதால் அவனைக் குறை சொல்லவும் வழியில்லை. திங்கட்கிழமை இரண்டு சொற்களையும் ஒரே தாளில் கேட்கப் போகிறேன்.