பென்னாகரம் பையனுக்கு விடுதியோடு படிப்பு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர்ப் பையன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை; இவன் பாட்டியோடு இருக்கிறான். மதிப்பெண் சான்றிதழ் கசங்கக் கூடாதென்று துணிக்கடைப் பைக்குள் அட்டை வைத்துக் கொண்டுவந்து காட்டினான். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லித் தருகிறான். இவனை ஓசூர் கம்பெனி வேனில் ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை.

ஐடிஐ சேர்ந்தாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சரி, தங்கவும் சாப்பிடவும் அது எங்கே போதும்?

1906-ல் தஞ்சாவூருக்கு வந்த காலம் தொட்டு, ஏழைப் பிள்ளைகளின் படிப்பையும் தொழிற்பயிற்சியையும் சலேசிய சபையார் (டான் பாஸ்கோ பள்ளி, கல்லூரிகளை நடத்தும் கத்தோலிக்கத் துறவியர்) தங்கள் பணியாகவே செய்து வருகிறார்கள். தர்மபுரியிலேயே டான் பாஸ்கோ கல்லூரி இருக்கிறது. அவர்களிடமோ, தர்மபுரி, கிருஷ்ணகிரியில் உள்ள வேறு கிறிஸ்தவ அமைப்புகளிடமோ விடுதியோடு படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார்கள்? பையன் இந்துக் குடும்பம், அது தடையாகுமா? முதலில் பங்குத் தந்தையை, அதாவது ஊர்த் தேவாலயப் பாதிரியாரைப் பார்ப்பதா, நேராக அலுவலகத்துக்கே போவதா? சேர்க்கை முடிவதற்குள் தெரிந்ததைச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.