10 நிமிட விளக்க வீடியோ: முழுசா ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்லயே முடிக்கலாமா?

கேள்வி
சொட்டுநீர்ப் பாசனம் பற்றி 10 நிமிட வீடியோ. ஃபோனில் எடுத்த 40 கிளிப், 1080, விநாடிக்கு 30 ஃபிரேம். பேசுபவர் பெயர் வரும் பட்டை ஆறு இடத்தில். குழாயில் நீர் ஓடுவதைக் காட்டும் அனிமேஷன் மூன்று, ஒவ்வொன்றும் 15 விநாடி. கணினியில் ராம் 16 ஜிபி. எல்லாவற்றையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் (அடோபியின் அனிமேஷன் மென்பொருள்) போட்டால் பிரிவியூ (முன்னோட்டம்) 20 சொச்சம் விநாடியில் நின்றுவிடுகிறது. 'கொ' என்று அடித்தால் கொம்பு தனியாக நிற்கிறது. போகப் போக வாயசைவும் குரலும் விலகுகின்றன. மென்பொருளை மாற்றணுமா?

பதில் 1
பிரிவியூ நிற்பது கோளாறு இல்லை, ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகள் வேலை செய்யும் விதமே அப்படி. அவை ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்காமல் ராமில் அடுக்கும். 1920 × 1080 பிக்சல் × 4 பைட் என்றால் ஃபிரேமுக்கு 8.3 எம்பி, 30 ஃபிரேமுக்கு விநாடிக்கு சுமார் 250 எம்பி. பிரிவியூவுக்கு 6 ஜிபி மிஞ்சினால் 24 விநாடிதான். நிற ஆழத்தை 16 பிட்டில் வைத்திருந்தால் அதிலும் பாதி. ரெசல்யூஷனை 'ஹாஃப்' ஆக்கினால் நாலு மடங்கு நீளும், ஆனாலும் 10 நிமிடம் வெட்டி ஒட்ட அது இடமே இல்லை.

குரல் விலகலுக்குக் காரணம் வேறு. ஃபோன்கள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்யும். ஹேண்ட்பிரேக்கில் (வீடியோவை மாற்றித் தரும் இலவச மென்பொருள்) 30, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத வேகம்), ஆர்எஃப் என்னும் தர அளவு 16 முதல் 18 வரை வைத்து 40 கிளிப்பையும் மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள். பாதி வெட்டிய பிறகு மாற்றினால் வெட்டெல்லாம் இடம் தவறும்.

பதில் 2
வெட்டுவதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். கிளிப்பை உள்ளே இழுக்கும் முன்பே டைம்லைன் ஃபிரேம் ரேட்டை 30 என வையுங்கள், பிறகு மாற்ற விடாது. பெயர்ப் பட்டை ஆறையும் அங்கேயே செய்யலாம், அதற்காக ஆஃப்டர் எஃபெக்ட்ஸைத் திறப்பது வீண் வேலை. நீர் ஓடும் மூன்று காட்சிக்கு மட்டும் அது. ரிசால்வுக்குள்ளேயே அனிமேஷனுக்கு ஃப்யூஷன் என்ற பகுதி இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் கட்டங்களைக் கோடிட்டு இணைக்கும் அதன் நோட் முறை பழகாதவர் கெடு நெருங்கும்போது அதில் கை வைக்கக் கூடாது.

அனிமேஷனை எம்பி4 ஆக எடுக்காதீர்கள். அதில் வழக்கமாக வரும் ஹெச்264 சுருக்க முறையில் ஆல்ஃபா (ஒளிபுகும் பின்னணித் தகவல்) கிடையாது, பின்னணி கறுப்பாகிவிடும். குயிக்டைம் கோப்பாக, ஆல்ஃபா தாங்கும் ப்ரோரெஸ் 4444 முறையில், சேனல் 'ஆர்ஜிபி + ஆல்ஃபா' என வைத்து எடுங்கள்.

பதில் 3
தமிழ் எழுத்துக்கு: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரிஃபரன்ஸஸ், டைப், அதில் டெக்ஸ்ட் எஞ்சின் 'லத்தீன்' என்றிருந்தால் 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' ஆக்குங்கள். மூடித் திறந்து, புது லேயரில் எழுத்தை மறுபடி ஒட்டுங்கள். 'கொ கோ கௌ க்ஷ ஸ்ரீ' என அடித்துப் பார்த்தால் சரியானதா என்று உடனே தெரியும். இதே எழுத்துகளை ரிசால்விலும் அடித்துப் பாருங்கள். அங்கே உடைந்தால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்துப் போடலாம். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு ஓடாதீர்கள். பார்வைக்குச் சரியாக வரும், பின்னால் ஒரு சொல்லைத் திருத்தவோ தேடவோ முடியாது.

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அனிமேஷன் போட்டால் கொம்பும் காலும் மறுபடி பிரிந்து பறக்கலாம். அந்த எழுத்து லேயரின் அனிமேஷன் அமைப்பில் ரேஞ்ச் செலக்டர், அட்வான்ஸ்டு, 'பேஸ்டு ஆன்' என்பதை 'வேர்ட்ஸ்' ஆக்குங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி நண்பர்களே, எழுத்தும் குரலும் சரி. ப்ரோரெஸ் கோப்பை ரிசால்வில் வைத்தால் அனிமேஷனில் உள்ள அம்புக்குறியின் ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு.

பதில் 2
ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதை 'ப்ரீமல்டிப்ளைடு' ஆக (ஓரத்தில் பின்னணிக் கறுப்பு கலந்து) எழுதியிருக்கும், ரிசால்வ் 'ஸ்ட்ரெயிட்' (கலக்காதது) என்று படிக்கிறது. மீடியா பூலில் அந்தக் கிளிப் மேல் வலது கிளிக், கிளிப் ஆட்ரிபியூட்ஸ், ஆல்ஃபா மோட் 'ப்ரீமல்டிப்ளைடு'. மறுபடி ரெண்டர் வேண்டாம்.