ஏசி கேஸ் வேலைக்கு எந்தச் சான்றிதழ் எடுக்கலாம்? (தர்மபுரி)

பென்னாகரம்_கூலிங்:
பத்தாவது பாஸ். தர்மபுரியில சர்வீஸ் கடையில வேலை. பழைய ஏசி கேஸ் ஆர்-22 நல்லாப் பழக்கம். இப்ப வர்றது பெரும்பாலும் ஆர்-32, நடுவுல ஆர்-290, ரெண்டும் எரியற கேஸ். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சேரலாம்னா சான்றிதழ் கேக்கறாங்க. ரெண்டு வருஷம் ஐடிஐ போகணுமா, ஆர்பிஎல் (ஏற்கெனவே தெரிஞ்ச தொழிலுக்குச் சான்று) போதுமா? ஆன்லைன்ல "608 சர்டிபிகேட்"னு விக்கறாங்களே, அது இங்க செல்லுமா?

ஓசூர்_டக்ட்:
தம்பி, 608-ஐ விட்டுடுங்க. அது அமெரிக்கச் சட்டம். அங்க சிலிண்டர் வாங்கறதுக்கே அது வேணும். இங்க கேஸ் கடையில யாரும் கேக்கப் போறதில்ல, வேலைக்கும் உதவாது.

ஐடிஐ-யில ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏசி டெக்னீஷியன் 2 வருஷ டிரேடு, பத்தாவது போதும். முடிச்சா தேசியத் தொழிற்சான்றிதழ். அரசு வேலை, அப்ரண்டிஸ், பெரிய ஆலைகளோட மெயின்டனன்ஸ்னு எங்க போனாலும் முதல்ல கேக்கறது அதைத்தான். வேலையை விட்டுட்டு உட்கார முடியாதுன்னா ஆர்பிஎல். கையில இருக்கற தொழிலைச் சோதிச்சுச் சான்று தர்ற முறை, புதுசா எதுவும் பெருசா சொல்லித் தர மாட்டாங்க. எலக்ட்ரானிக்ஸ் திறன் கவுன்சிலோட "ஃபீல்டு டெக்னீஷியன் - ஏர் கண்டிஷனர்" பிரிவுதான் உங்களுக்குப் பொருந்தும். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துல விசாரிங்க. நீங்க சேரப்போற சர்வீஸ் சென்டர்ல எதை ஏத்துப்பாங்கன்னும் முன்கூட்டியே கேட்டுடுங்க.

மைக்ரான்:
சான்றிதழ் ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்தப் பயிற்சிக் கூடத்துக்குள்ள ஒரு நடை போய்ப் பாருங்க. ரெக்கவரி மெஷின் (ஏசியில இருந்து கேஸை உறிஞ்சி சிலிண்டர்ல சேர்க்கறது), எடை மிஷின், ரெகுலேட்டரோட நைட்ரஜன் சிலிண்டர், மைக்ரான் கேஜ் (வேக்யூமைத் துல்லியமா அளக்கற மீட்டர்) நாலும் இருக்கணும். மைக்ரான் கேஜ் இல்லாத இடத்துல வேக்யூம், அதாவது குழாய்க்குள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் பம்பால இழுக்கறதைக் கத்துக்க முடியாது.

ஏன்னா மேனிஃபோல்ட் கேஜ்ல (வழக்கமான ஊசி வச்ச பிரஷர் மீட்டர்) 1 இஞ்ச் பாதரசம்னா 25,400 மைக்ரான். நமக்கு வேண்டியது 500. ஊசி பார்த்து அதைச் சொல்லவே முடியாது. இன்னொண்ணு, ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேல இருக்கு. அங்க முழு வேக்யூம் இழுத்தாலும் ஊசி 27 இஞ்ச் கிட்டயே நின்னுடும், தர்மபுரியில 28 சொச்சம். 30 வரலைன்னு நல்ல பம்பைக் கழட்டிப் போடறவங்க உண்டு.

500-க்கு இழுத்து வால்வை மூடி 10 நிமிஷம் பாருங்க. ஏறி 1500, 2000 பக்கம் நின்னுட்டா உள்ள ஈரம். நிக்காம ஏறிட்டே போனா லீக். ஆர்-32 ஏசி கம்ப்ரசர்ல இருக்கற பிஓஇ ஆயில் (செயற்கை எண்ணெய்) காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், ஆர்-22 மினரல் ஆயில் மாதிரி பொறுத்துக்காது. பிரஷர் டெஸ்டுக்கு நைட்ரஜன் மட்டும். ஆக்ஸிஜன் விட்டா ஆயிலோட சேர்ந்து வெடிக்கும். பிரேசிங் (குழாயைச் சூடாக்கி உருக்கி ஒட்டறது) பண்ணும்போதும் நைட்ரஜனை மெல்ல ஓட விடணும், இல்லன்னா குழாய்க்குள்ள கருப்புப் பொருக்கு உரிஞ்சு கேபிலரிங்கற மெல்லிய குழாயை அடைக்கும்.

கிருஷ்ணகிரி_கோல்டுரூம்:
எரியற கேஸைப் பத்தி ஒரு கணக்கு. 10-க்கு 10 அறை, 9 அடி உயரம்: சுமார் 25 கன மீட்டர். ஆர்-32 தீப்பிடிக்கக் கன மீட்டருக்கு 307 கிராம் வேணும். 900 கிராம் மொத்தமும் கசிஞ்சு சமமாப் பரவினா கன மீட்டருக்கு 36 கிராம்தான். ஆர்-290-க்கு எல்லையே 38 கிராம். 350 கிராம் கசிஞ்சா 14, அதாவது மூணுல ஒரு பங்குக்கு மேல வந்துடுச்சு. ஆனா சமமாப் பரவாது. ரெண்டு கேஸும் காத்தை விட கனம், தரையோரம் தேங்கும், அங்க எல்லையைத் தாண்டும். அதனால கதவு ஜன்னல் திறந்து ஃபேன் போட்டுட்டுதான் வேலை. வேக்யூம் பம்பை அதோட சுவிட்சுல போடாம, தள்ளியிருக்கற பிளக்குல போட்டு அணைங்க. பொறி வர்றது அந்த சுவிட்சுல. ரெக்கவரி மெஷின் எரியும் கேஸுக்கு ஏத்ததான்னு லேபிளைப் பாருங்க. ரெக்கவரி சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல நிரப்பாதீங்க. ஆர்-22 ஏசியில ஆர்-32 ஏத்தறதும் வேணாம். 30 டிகிரியில ஆர்-22 அழுத்தம் 158 பிஎஸ்ஐ, ஆர்-32 265-ஐத் தொடும்.

இங்க மாம்பழக்கூழ் ஆலை, குளிர்பதனக் கிடங்குகள்ல அமோனியா ஓடும். அதுக்கு இந்தச் சான்றிதழ் எதுவும் போதாது. முகமூடி, வால்வு வரிசை, கசிவு ஒத்திகை எல்லாம் தனியாக் கத்துக்கணும்.

பென்னாகரம்_கூலிங்:
நன்றிங்கண்ணா. ஆர்-32-ல வழக்கம் போல பம்ப் டவுன் (கேஸை வெளி யூனிட்டுக்குள்ளயே சேர்த்து மூடறது) பண்ணலாமா?

மைக்ரான்:
லீக் இல்லாத மெஷின்ல பண்ணலாம். கூல் மோடுல ஓட விட்டு மெல்லிய பைப் வால்வை மூடுங்க. லோ பிரஷர் பூஜ்யத்துக்குச் சற்று மேல இருக்கும்போதே தடித்த பைப்பை மூடி உடனே கம்ப்ரசரை நிறுத்தணும். உள்பக்கம் லீக் இருந்தா பண்ணவே கூடாது. காத்து உள்ள இழுக்கும், ஆயிலோட சேர்ந்து அழுத்தத்துல சூடாகி கம்ப்ரசரே வெடிக்கலாம். ஓடிட்டிருக்கும்போது ஃப்ளேர் நட்டை (பைப் இணைப்பு நட்டு) தளர்த்தறதும் அதே ஆபத்துதான். அந்த மாதிரி மெஷின்ல கேஸை ரெக்கவரி பண்ணித்தான் எடுக்கணும்.